நெட்வொர்க் வகைப்பாட்டு விதிகளை விரிதாள் வழியே மொத்தமாக மாற்றலாமா?

கேள்வி இது: டிராஃபிக்கைக் கண்காணிக்கும் மென்பொருளில் பல நூறு வகைப்பாட்டு விதிகள் இருக்கின்றன. சர்வர்கள் புதிய ஐபி வரம்புக்கு மாறுவதால் பாதிக்கு மேல் திருத்த வேண்டும். திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றாமல், எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய உரைக் கோப்பு) இறக்கி, எக்செலில் திருத்தி, திரும்ப ஏற்றிவிடலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்றலாம். அதுதான் நல்ல வழியும்கூட. பல நூறு விதிகளைக் கையால் மாற்றினால் பாதியில் கவனம் சிதறும், எது முடிந்தது எது பாக்கி என்பதே குழம்பிவிடும். கோப்பு வழியே போனால் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்பதற்குக் கையில் ஆதாரம் இருக்கும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதியிருப்பதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது. இறக்குமதியின்போது, அதாவது திருத்திய கோப்பை மென்பொருளில் ஏற்றும்போது, அது "இந்த வரி செல்லாது" என்று திருப்பி அனுப்பும் வரிகளால் பெரிய ஆபத்து கிடையாது. அவை கண்ணில் படும், திருத்திவிடலாம். சரியான வரி போலவே இருந்து, சத்தமில்லாமல் உள்ளே போய், வேறு அர்த்தத்தில் வேலை செய்யும் வரிதான் உங்களை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும். ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் அப்படிப்பட்ட வரிகளைத் தேடுவதற்கே போக வேண்டும்.

முதலில், உங்கள் விதிகள் எந்த வேலைக்குப் பயன்படுகின்றன என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நெட்ஃப்ளோ அல்லது ஐபிஃபிக்ஸ் தகவலை (யார் யாரோடு எவ்வளவு தரவு பரிமாறினார்கள் என்று சாதனங்கள் அனுப்பும் ஃப்ளோ சுருக்கம்) சேகரிக்கும் மென்பொருளில் விதி என்பது வெறும் பெயர் சூட்டல். "டிசிபி 1433 வந்தால் அது டேட்டாபேஸ் டிராஃபிக்" என்று அறிக்கையில் எழுதும், அவ்வளவுதான். (டிசிபி என்பது பரிமாற்ற நெறிமுறை, 1433 என்பது சேவையைக் குறிக்கும் போர்ட் எண்.) தவறினால் அறிக்கை கெடும், நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதே விதி ரூட்டரில் முன்னுரிமைக் குறியிடும் வேலைக்குப் போகிறது என்றால், தவறான ஒரு வரியால் குரல் அழைப்புகள் வெட்டி வெட்டிக் கேட்கும். ஃபயர்வாலுக்குப் போகிறது என்றால் சேவையே நிற்கலாம். சில இடங்களில் ஒரே பட்டியல் மூன்றுக்கும் போகிறது. அப்படியென்றால் மூன்றில் எது மோசமோ அதற்குத் தகுந்த கவனத்துடன் வேலை செய்யுங்கள்.

கோப்பைத் தொடுவதற்கு முன் இறக்குமதி வசதியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே இருக்கும் விதியை அது எதை வைத்து அடையாளம் காண்கிறது? பெயரை வைத்தா, உள்ளே இருக்கும் எண் அடையாளத்தை வைத்தா? பெயரை வைத்து என்றால், நீங்கள் ஒரு விதியின் பெயரைத் திருத்திய கணமே அது புது விதியாகிவிடும். பழையது அப்படியே இருக்கும், இப்போது இரண்டு விதிகள். அடுத்து, கோப்பில் இல்லாத விதிகளை என்ன செய்கிறது? சில மென்பொருள்கள் முழுப் பட்டியலையும் அழித்துவிட்டுக் கோப்பில் இருப்பதை வைக்கின்றன. சில, இருப்பதைப் புதுப்பித்து இல்லாததைச் சேர்க்கின்றன, கோப்பில் வராததைத் தொடுவதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் விளைவு பெரிது. மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் போட்டு, முழுதும் மாற்றும் முறையில் ஏற்றினால், மற்ற விதிகள் எல்லாம் காணாமல் போகும்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி, காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பது. "இந்த மதிப்பை மாற்றாதே" என்றா, "இதை நீக்கிவிடு" என்றா, "எதுவாக இருந்தாலும் பொருந்தும்" என்றா? மூன்றாவதுதான் பயங்கரம். ஐபி நெடுவரிசையில் ஒரு கட்டம் தவறிக் காலியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊதியக் கணக்கு மென்பொருளின் ஐந்து சர்வர்களுடைய 443" (பாதுகாப்பான வலை இணைப்பின் போர்ட்) என்று இருந்த விதி "உலகத்தில் உள்ள எல்லாருடைய 443" என்று ஆகிவிடும். பிழைச் செய்தி வராது. மறுநாள் அறிக்கையில் ஊதியக் கணக்கு மென்பொருள்தான் இணைப்பின் கொள்ளளவில் பாதியைத் தின்கிறது என்று காட்டும்.

கையேட்டில் இவற்றுக்குப் பதில் இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிடுங்கள். சோதனைச் சூழல் இருந்தால் அங்கே, இல்லையென்றால் எந்த டிராஃபிக்கும் தொடாத போலி முகவரிகளை வைத்து. 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 ஆகிய மூன்று வரம்புகளும் (சாய்கோட்டுக்குப் பின் உள்ள நீளம் கூடக் கூட வரம்பு சிறியது) ஆவணங்களிலும் எடுத்துக்காட்டுகளிலும் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. நிஜ இணையத்தில் வராது. அவற்றைக் கொண்டு நாலைந்து விதிகளை உருவாக்கி, இறக்கி, ஒன்றின் பெயரை மாற்றி, ஒன்றில் கட்டத்தைக் காலியாக்கி, ஒன்றை நீக்கி, திரும்ப ஏற்றிப் பாருங்கள். முழுதும் மாற்றும் முறை இல்லை என்று கையேட்டிலிருந்து தெரியாத வரை இதை நிஜச் சூழலில் செய்யக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இப்போது கோப்பு. ஏற்றுமதி செய்த, அதாவது மென்பொருளிலிருந்து இறக்கிய, அசல் கோப்பை அப்படியே ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலில் வேலை செய்யுங்கள். அசலை எக்செலில் திறந்து பார்க்கக்கூட வேண்டாம். பார்க்கத்தான் வேண்டும் என்றால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் பாருங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்து, ஒன்றுமே மாற்றாமல் சேமித்தாலே உள்ளடக்கம் மாறிவிட வாய்ப்பு உண்டு.

எக்செல் எழுத்தையும் எண்ணையும் தானாக ஊகிக்கிறது. நெட்வொர்க் தரவு அந்த ஊகத்துக்கு வசமாக மாட்டும் தரவு. மின்னஞ்சல் அனுப்பும் சர்வருக்கு 25, 587 என இரண்டு போர்ட்கள். கட்டத்தில் 25,587 என்று இருந்தால், காற்புள்ளியை ஆயிரத்தைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு இருபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று எண்பத்தேழு என்ற ஒரே எண்ணாக்கிவிடும். கண்ணுக்கு 25,587 என்றேதான் தெரியும். ஆனால் எக்செல் கோப்பாகவே ஏற்றினாலோ, அந்த நெடுவரிசையின் வடிவத்தை யாராவது பொது வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தாலோ, போவது 25587. போர்ட் எண் 65535 வரை போகலாம் என்பதால் 25587 முற்றிலும் செல்லுபடியாகும் போர்ட். இறக்குமதி மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். இதுவே 80,443 ஆக இருந்திருந்தால் 80443 ஆகி, எல்லையைத் தாண்டி, நிராகரிக்கப்பட்டிருக்கும். அந்த வகையில் அது நல்ல தவறு. காற்புள்ளியைத் தசமப் புள்ளியாகப் பயன்படுத்தும் நாட்டு அமைப்பில் திறந்தால் கதை வேறு, எண் 25.587 ஆகிவிடும்.

தேதி இன்னொரு தொல்லை. 7-9 என்ற சிறிய போர்ட் வரம்பையோ, 10/8 என்று யாரோ சுருக்கி எழுதிய ஐபி வரம்பையோ எக்செல் தேதியாக்கிவிடும். உள்ளே அது தேதியை 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணிய நாள் எண்ணாக வைத்திருக்கிறது. 2024 ஜனவரி 1க்கு அந்த எண் 45292. இங்கேதான் சிக்கல்: இன்றைய காலத்துத் தேதி எண்கள் நாற்பத்தைந்தாயிரத்துச் சொச்சத்தில் இருப்பதால், அவையும் செல்லுபடியாகும் போர்ட் எண்களே. உங்கள் கோப்பின் போர்ட் நெடுவரிசையில் 45000க்கும் 47000க்கும் இடையே எதிர்பாராத எண் ஏதாவது கண்ணில் பட்டால், முதலில் தேதியைச் சந்தேகியுங்கள். சிஸ்கோ சாதனங்கள் ஐபிஃபிக்ஸில் அனுப்பும் பயன்பாட்டு அடையாளம் 3:53 என்ற வடிவில் வரும். முதல் எண் வகைப்படுத்திய முறை, இரண்டாவது அதற்குள் உள்ள அடையாளம். இந்த எடுத்துக்காட்டு டிஎன்எஸ், வலைப்பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை. எக்செலுக்கு அது அதிகாலை மூன்று மணி ஐம்பத்து மூன்று நிமிடம்.

இது நெட்வொர்க்காரர்களுக்கு மட்டும் வந்த துன்பம் இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மார்ச்1 போன்ற பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அத்தகைய பெயர்களையே மாற்றிவிட்டது. 2023இல் எக்செலில் சில தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் அமைப்பு வந்தது. இருந்தாலும் மேலே சொன்ன எல்லா வடிவங்களுக்கும் அது காவல் இல்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

பாதுகாப்பான வழி இரண்டு. ஒன்று, கோப்பை நேரடியாகத் திறக்காமல், தரவுப் பட்டியில் உள்ள டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வசதியின் வழியே கொண்டுவந்து, எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வகை என்று அறிவிப்பது. லிப்ரே ஆஃபீஸ் கால்க் திறக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கிறது, அது வசதி. இரண்டாவது வழியை நான் இன்னும் வலுவாகப் பரிந்துரைப்பேன்: குழப்பத்துக்கு இடமே தராத அமைப்பில் தரவை வைத்துக்கொள்வது. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு மட்டும். தொடக்க போர்ட்டுக்கு ஒரு நெடுவரிசை, முடிவு போர்ட்டுக்கு இன்னொன்று. ஒரே போர்ட் என்றால் இரண்டிலும் அதே எண். ஒரு சேவைக்கு மூன்று தனித்தனி போர்ட்கள் என்றால் மூன்று வரிகள். ஐபிக்கும் அப்படியே, முகவரி ஒரு கட்டத்தில், சாய்கோட்டுக்குப் பின் வரும் நீளம் இன்னொன்றில். காற்புள்ளியும் கோடும் சாய்கோடும் கட்டங்களுக்குள் இல்லையென்றால் எக்செல் ஊகிக்க இடம் வெகுவாகக் குறையும். மென்பொருள் கேட்கும் வடிவத்துக்குக் கடைசிப் படியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் கோத்துக் கொடுக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் உண்டு. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய முகவரியின் முடிவில் உடையா இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வேர்டிலிருந்து ஒட்டிய போர்ட் வரம்பில் சாதாரணக் கோட்டுக்குப் பதில் நீளக் கோடு இருக்கும். யுடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளக் குறி ஒன்று சேரும். சில இறக்குமதிகள் அதை முதல் நெடுவரிசையின் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு "பெயர் என்ற நெடுவரிசை இல்லை" என்று அடம்பிடிக்கும். தலைப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்பும் பலருக்குக் காரணம் இதுதான். கணினியின் நாட்டு அமைப்பைப் பொறுத்துப் பிரிப்பான் காற்புள்ளியிலிருந்து அரைப்புள்ளியாக மாறுவதும் நடக்கும்.

வரிசைப்படுத்துவது பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் வரிகள் கலைந்துவிடும். பெயர் ஒன்றும் ஐபி வேறொன்றுமாக ஒட்டிக்கொள்ளும். எக்செல் அப்போது தேர்வை விரிவாக்கவா என்று கேட்கிறது, அவசரத்தில் தவறான பதிலைச் சொடுக்கிவிடாதீர்கள். அதைவிட நுட்பமான பிரச்சினை ஒன்று உண்டு. பல மென்பொருள்களில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் விதிதான் வெல்லும். அந்த வரிசை கோப்பில் தனி எண்ணாக இல்லாமல், வரிகள் இருக்கும் இடத்தாலேயே தீர்மானமாகிறது என்றால், வசதிக்காகப் பெயர்படி அடுக்கிய கோப்பை ஏற்றியதுமே ஒவ்வொரு விதியின் அர்த்தமும் மாறக்கூடும். எந்த வரியிலும் ஒரு எழுத்துகூடத் தவறாக இருக்காது. ஆகவே கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக வரிசை எண் நெடுவரிசை ஒன்றைச் சேருங்கள். பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டால் நடுவில் நுழைக்க எளிது. ஏற்றுவதற்கு முன் அந்த எண்படி திரும்ப அடுக்குங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. இதைக் கண்ணால் செய்ய வேண்டாம், பைத்தானில் ஐம்பது வரி எழுதினால் போதும். பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்தினால் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்கள், என்ஏ போன்ற சொற்களைக் காலியாக எடுத்துக்கொள்ளும் இயல்பையும் (keep_default_na) தனியாக நிறுத்துங்கள். இல்லையென்றால் காலிக் கட்டம் உள்ள போர்ட் நெடுவரிசையில் 443 என்பது 443.0 ஆகிவிடும், என்ஏ என்று சுருக்கப் பெயர் வைத்த விதி காலியாகிவிடும்.

புரோட்டோகாலையும் போர்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். புரோட்டோகால் எண்கள் இவை: டிசிபி 6, யுடிபி 17, எஸ்சிடிபி 132. இவற்றுக்குப் போர்ட் உண்டு. சுரங்க இணைப்புக்கான ஜிஆர்இ 47, ஐபிசெக் மறையாக்கத்துக்கான ஈஎஸ்பி 50. இவற்றுக்குப் போர்ட் கிடையாது. ஈஎஸ்பி என்று போட்டுவிட்டு போர்ட் 500 என்று எழுதிய வரி எதற்கும் பொருந்தாமல் சும்மா கிடக்கும். ஐபிசெக்கின் சாவிப் பரிமாற்றத்துக்கான 500 யுடிபியில்தான் வரும்.

ஐபி வரம்பில், முகவரியும் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 10.20.30.0/22 என்று யாராவது எழுதியிருப்பார்கள். ஆனால் /22 வரம்புகள் நான்கு நான்காகத்தான் தொடங்கும். உண்மையில் அது 10.20.28.0 முதல் 10.20.31.255 வரை. எழுதியவர் மனதில் 30இலிருந்து 33 வரை இருந்திருக்கலாம். சில மென்பொருள்கள் கேட்காமலே 28க்கு இறக்கி ஏற்றுக்கொள்ளும், பக்கத்து 28, 29 வரம்புகளின் டிராஃபிக்கும் இதில் வந்து விழும். பைத்தானின் ஐபிஅட்ரஸ் தொகுதி இயல்பாகவே இத்தகைய முகவரியை மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பைத் தளர்த்தாதீர்கள், யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டு எது நோக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரூட்டர் கட்டளைகளிலிருந்து எடுத்த பட்டியல் என்றால், 255.255.252.0 என்ற மாஸ்க்கும் (/22 என்பதன் இன்னொரு வடிவம்) 0.0.3.255 என்ற தலைகீழ் மாஸ்க்கும் ஒரே நெடுவரிசையில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முன்னுரிமைக் குறிகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஐபி தலைப்பில் உள்ள முன்னுரிமைக் குறியான டிஎஸ்சிபி என்பது ஆறு பிட், 0 முதல் 63 வரை. பழைய கருவிகளும் சில அறிக்கைகளும் அதை எட்டு பிட் கொண்ட டிஓஎஸ் பைட்டாகக் காட்டுகின்றன, அதாவது நான்கால் பெருக்கிய எண்ணாக. குரலுக்கான ஈஎஃப் குறி டிஎஸ்சிபியில் 46, டிஓஎஸ்ஸில் 184. 184 என்று டிஎஸ்சிபி கட்டத்தில் போட்டால் எல்லை தாண்டி நிராகரிக்கப்படும், தப்பித்தோம். ஆனால் சிஎஸ்1 குறியைப் பாருங்கள். டிஎஸ்சிபியில் 8, டிஓஎஸ்ஸில் 32. அந்த 32ஐ டிஎஸ்சிபி கட்டத்தில் போட்டால் அது சிஎஸ்4 ஆகிவிடும். 2006இல் வந்த ஆர்எஃப்சி 4594 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் வழிகாட்டுதலின்படி சிஎஸ்1 அவசரமில்லாத பின்னணித் தரவுக்கு, சிஎஸ்4 நேரடி ஊடாட்டக் காட்சிகளுக்கு. இரவு பேக்கப் டிராஃபிக் காணொளிக் கூட்டத்தின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைப் பிடிக்க எல்லைச் சோதனை போதாது. குறியின் பெயர் ஒரு நெடுவரிசையிலும் எண் இன்னொன்றிலும் இருக்கட்டும், ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கட்டும்.

விதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. ஒரே புரோட்டோகால், ஒரே ஐபி வரம்பு கொண்ட வரிகளைத் தொடக்க போர்ட்படி அடுக்கி, ஒவ்வொரு வரியின் தொடக்கமும் அதற்கு முன் வந்த வரிகளின் மிகப் பெரிய முடிவைவிடச் சிறியதாகவோ சமமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோதல். எல்லா மோதலும் தவறு என்று சொல்ல மாட்டேன். பரந்த விதி கீழேயும் குறிப்பிட்ட விதி மேலேயும் இருப்பது நல்ல வழக்கம். பரந்தது மேலே இருந்தால்தான் கீழே உள்ளது ஒருபோதும் எட்டாத விதியாகிவிடும். உங்கள் மென்பொருள் முதல் பொருத்தத்தை எடுக்கிறதா, மிகக் குறுகிய பொருத்தத்தை எடுக்கிறதா என்று தெரிந்தால்தான் இதைத் தீர்மானிக்க முடியும்.

உயர் எண் போர்ட்களில் ஐபி இல்லாத விதிகள் வேண்டாம். லினக்ஸ் தன் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரையும், இன்றைய விண்டோஸ் 49152 முதல் 65535 வரையும் தற்காலிக போர்ட்களை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் சொந்தப் பயன்பாடு 50000 முதல் 50100 வரை என்று ஒரு விதி போட்டால், யாரோ ஒருவரின் உலாவி தற்செயலாக 50042ஐ எடுத்து இணையத்துக்குப் போவதும் அதே பெயரில் கணக்காகலாம். ஃப்ளோ தகவலில் எந்தப் பக்கம் சர்வர், எந்தப் பக்கம் கிளையண்ட் என்று மென்பொருள் ஊகிக்கத்தான் செய்கிறது. சர்வரின் ஐபியையும் சேர்த்து எழுதினால் இந்தப் பிரச்சினை அடங்கும்.

இவ்வளவு விதிகளைத் திறந்து வைத்திருக்கும்போதே 443ஐயும் சரிசெய்துவிடுங்கள். பழைய பட்டியல்களில் பெரும்பாலும் டிசிபி 443 மட்டும்தான் இருக்கும். வலைத் தரவை யுடிபி வழியே கொண்டுசெல்லும் குவிக் நெறிமுறை 2021இல் ஆர்எஃப்சி 9000 ஆகத் தரப்படுத்தப்பட்டது, அதன்மேல் ஓடும் எச்டிடிபி/3 2022இல். இரண்டும் யுடிபி 443இல் ஓடுகின்றன. யுடிபிக்கு வரி இல்லையென்றால் வலை டிராஃபிக்கில் கணிசமான பகுதி "தெரியாதது" என்ற பெட்டியில் விழுந்துகொண்டிருக்கும். அதே சமயம் 443 என்பது எந்தச் சேவை என்று போர்ட் மட்டும் சொல்லாது. சேரும் ஐபியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அமேசான் வெப் சர்வீசஸ், மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் ஆகியவை தங்கள் ஐபி வரம்புகளை ஜேசன் வடிவில் தாங்களே வெளியிடுகின்றன. அவை மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே அவற்றை விரிதாளில் கையால் தட்டி வைக்காமல், ஸ்கிரிப்ட் மூலம் எடுத்துக் கடைசிக் கோப்பில் சேர்ப்பதே சரி.

விதிகள் சுவிட்சின் வன்பொருளுக்குள் போகின்றன என்றால் வரி எண்ணிக்கை ஏமாற்றும். சுவிட்சின் டிகேம் நினைவகம் (விதிகளை வேகமாகப் பொருத்திப் பார்க்கும் சிறப்பு நினைவகம்) போர்ட் வரம்பை இரண்டின் அடுக்குகளாக உடைத்துத்தான் வைத்துக்கொள்ளும். 1024 முதல் 65535 வரை என்ற ஒரு வரி ஆறு பதிவுகளாகும். 1 முதல் 65534 வரை என்றால் முப்பது. ஒரே விதியில் இரு பக்கமும் வரம்பு இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பெருகும், முப்பதும் முப்பதும் தொள்ளாயிரம் ஆகும். சில சாதனங்களில் வரம்புகளைத் தனியாகக் கையாளும் வசதி உண்டு. இல்லாத சாதனத்தில், விரிதாளில் அடக்கமாகத் தெரிந்த பட்டியல் உள்ளே இடமில்லாமல் பாதியில் நிற்கும். வரம்பைக் கொஞ்சம் நகர்த்தி அடுக்கின் எல்லையில் பொருத்தினாலே பெரிய மிச்சம் கிடைக்கும்.

ஏற்றுவதற்கு முன் கடைசியாக, பழைய கோப்புக்கும் புதுக் கோப்புக்கும் வேறுபாட்டை எடுங்கள். இந்த முழு வேலையிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கி, சேர்ந்தவை, நீங்கியவை, மாறியவை என்று மூன்றாகப் பிரியுங்கள். மாறியவற்றில் எந்த நெடுவரிசை மாறியது என்றும் காட்டச் சொல்லுங்கள். ஐபி மட்டும்தான் மாற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது போர்ட் நெடுவரிசையில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது எக்செல் செய்த வேலை. எண்ணிக்கையும் பேசும்: எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வரிகள் மாறியிருந்தால் ஏற்றாதீர்கள், காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த வேறுபாட்டை, சர்வர்களை நகர்த்தும் குழுவில் ஒருவர் படித்துச் சரி என்று சொல்லட்டும். முழுக் கோப்பை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். வேறுபாட்டை அனுப்பினால் படிப்பார்கள். கோப்பை கிட்டில் (git, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) வைத்திருந்தால் இது தானாகவே கிடைக்கும்.

மொத்த வரி எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிகளோடு முடிந்துவிடும். 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா பாதிப்புத் தகவல்கள் பட்டியலில் சேராமல் விடுபட்டதற்கு இந்த வரம்புதான் காரணம். ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஐபி பட்டியல்கள் இந்த எல்லையைத் தொடக்கூடியவை.

திரும்பிப் போகும் வழியையும் முன்பே பாருங்கள். பழைய கோப்பு இருக்கிறதே, பிரச்சினை என்றால் அதை ஏற்றிவிடலாம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சேர்க்கும் முறையில் மட்டும் இயங்கும் இறக்குமதியில் அது நடக்காது. பழைய கோப்பு மாறிய விதிகளைத் திருப்பும், புதிதாகச் சேர்ந்தவற்றை அகற்றாது. ஆகவே அகற்ற வேண்டிய பெயர்களின் பட்டியலை முன்கூட்டியே தயாராக வையுங்கள், அல்லது மென்பொருளின் முழு பேக்கப்பை எடுங்கள். சாதனங்களுக்கு நேரடியாகப் போகும் விதிகளுக்கு நல்ல வசதிகள் உண்டு. ஜூனிப்பர் ரூட்டர்களில் உறுதிகோரும் கமிட் கொடுத்தால், இயல்பாகப் பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸில், கோப்பிலிருந்து ஏற்றும்போது முழுதும் ஏறும் அல்லது எதுவும் ஏறாது; ஏற்றாமல் சரிபார்க்க மட்டும் செய்யும் வசதியும் அதில் உண்டு. வலைத்திரை வழி இறக்குமதிகளில் இந்த உறுதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தவறான வரி வந்தால் அதற்கு முன் வந்தவை உள்ளேயே தங்கிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன.

ஏற்றிய பிறகு உடனே மீண்டும் ஏற்றுமதி செய்து, நீங்கள் ஏற்றிய கோப்போடு ஒப்பிடுங்கள். மென்பொருள் உள்ளே என்ன புரிந்துகொண்டது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. சுருங்கிப்போன ஐபி வரம்பும் வெட்டப்பட்ட நீளப் பெயரும் இங்கேதான் அகப்படும்.

அதன்பின் டிராஃபிக்கைப் பாருங்கள். போன வாரம் இதே கிழமை, இதே நேரத்தில் முதல் இருபது பயன்பாடுகள் எவ்வளவு எடுத்தன, இப்போது எவ்வளவு? "தெரியாதது" பங்கு கூடியிருக்கிறதா? திடீரென்று குறைந்திருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். எல்லாவற்றையும் விழுங்கும் விதி ஒன்று உள்ளே வந்துவிட்டாலும் அது குறையும். ஒரு பொருத்தமும் இல்லாத விதிகளை ஒரு வாரம் கழித்துப் பட்டியலிடுங்கள், மாத முடிவில் மட்டும் ஓடும் வேலைகளுக்கு இன்னும் அவகாசம் கொடுங்கள்.

பழைய தரவு பற்றியும் கேட்பீர்கள். பெரும்பாலான மென்பொருள்கள் ஃப்ளோ வரும் நேரத்திலேயே வகையைத் தீர்மானித்துச் சுருக்கிச் சேமித்துவிடுகின்றன. அப்படியென்றால் புது விதிகள் இனி வருவதற்கு மட்டும்தான். போன மாத வரைபடம் பழைய பெயர்களிலேயே இருக்கும், மாற்றம் நடந்த நாளில் கோடு ஒரு படி ஏறியோ இறங்கியோ தெரியும். சேவையின் உண்மையான பயன்பாடு மாறவில்லை, கணக்கிடும் முறைதான் மாறியது என்று அறிக்கையைப் படிப்பவர்களுக்குத் தேதியோடு குறிப்பு எழுதிவையுங்கள். மாதத்தின் நடுவில் இந்த மாற்றத்தைச் செய்யாமல் முதல் தேதியை ஒட்டிச் செய்தால் ஒப்பீடு சுலபம்.

அடுத்த முறை இதே வேலை வரும்போது, உங்கள் கணினியில் இருக்கும் இந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டாம். இடையில் யாராவது திரையில் இரண்டு விதிகளைத் திருத்தியிருப்பார்கள், பழைய கோப்பு அவற்றை அழித்துவிடும். புதிதாக ஏற்றுமதி எடுத்து, கிட்டில் உள்ள கடைசிப் பதிப்போடு ஒப்பிட்டு, திரையில் நடந்த மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.